ஏலக்காய் ஏலத்திடம் கேளுங்க: புது வரி விளம்பரத் தளத்தை வளர்ப்பது எப்படி?

போடியில் ஒருவர் "இன்னைக்கு ஏலம் என்னாச்சு?" என்று கேட்டால், அவர் காயைக் கேட்கிறாரா, விற்பனையைக் கேட்கிறாரா என்று பிரிக்க முடியாது. மலையில் விளைவதற்கும் ஏலம், அதை விற்கும் முறைக்கும் ஏலம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது.

இந்தக் கட்டுரை ஏலக்காய் பற்றியது இல்லை. "மச்சி, நம்ம ஏரியாவுக்கு ஒரு ஓஎல்எக்ஸ் மாதிரி பண்ணலாமா?" என்று ஹாஸ்டலில் பேசிக்கொண்டிருக்கும் உங்களுக்காக எழுதியது. வாங்குபவரையும் விற்பவரையும் ஒரே இடத்தில் சேர்க்கும் தொழிலைத்தான் நீங்கள் தொடங்கப் போகிறீர்கள். அந்தத் தொழில் நம் ஊரிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் கோடு எழுத உட்கார்ந்தால், செலவழிக்கும் ஒரு செமஸ்டர் வீணாகப் போகும்.

முதல் சிக்கல்: காலிக் கடை

தளம் கட்டுவது கஷ்டம் இல்லை. லாகின், படம் ஏற்றும் வசதி, தேடல் எல்லாம் சேர்த்து நாலு பேர் உட்கார்ந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். விளம்பரம் இல்லாததால் வாங்குபவர் வரமாட்டார். வாங்குபவர் வராததால் விளம்பரம் போட ஆள் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. பைக், மொபைல், ரூம், வேலை என்று 15 பிரிவுகள் வைக்கிறீர்கள். போடி, தேனி, கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், பெரியகுளம், ஆண்டிபட்டி, மூணாறு என்று 8 ஊர்கள். மொத்தம் 120 பெட்டிகள். தெரிந்தவர்களை எல்லாம் கெஞ்சி 100 விளம்பரம் வாங்கினாலும், பெட்டிக்கு ஒன்று கூட வராது. கம்பத்தில் பைக் தேடி வருபவர் "முடிவுகள் இல்லை" என்பதைத்தான் பார்ப்பார். அவர் மறுபடி வருவாரா?

அதே உழைப்பில் போடியில் மாணவர்களுக்கு வாடகை ரூம் என்ற ஒரே பெட்டியில் 40 விளம்பரம் போட்டால், வருகிறவருக்குப் பொறுக்கி எடுக்க 40 ரூம் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் தளம் ஓஎல்எக்ஸை விடப் பெரியது. மொத்த எண்ணிக்கையை விட, ஒரு பெட்டிக்குள் எவ்வளவு அடர்த்தி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஏல மையத்தில் என்ன நடக்கிறது?

இந்தியாவில் சின்ன ஏலக்காயின் பெரும்பகுதி விளைவது கேரளாவின் இடுக்கி மலையில். ஆனால் அதன் வியாபாரத்தில் பாதி உயிர் மலைக்குக் கீழே போடியில் இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இரண்டு: மேலே வண்டன்மேடு பக்கம் புத்தடியில் ஒன்று, கீழே போடியில் ஒன்று.

விவசாயி காயை ஏல நிறுவனத்திடம் கொடுப்பார். அது லாட் லாட்டாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு லாட்டிலும் சாம்பிள் எடுத்து வியாபாரிகளுக்குக் காட்டுவார்கள். காயின் அளவு, நிறம், காய்ச்சல் எல்லாவற்றையும் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான், குறித்த நாளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்பார்கள். ஏலம் நடத்துபவருக்கும் சரி, வாங்கும் வியாபாரிக்கும் சரி, வாரியத்தின் உரிமம் வேண்டும். இதற்கென்றே 1987-ல் விதிகள் வந்தன. ஏலம் முடிந்ததும் அன்றைய சராசரி விலையும் அதிகபட்ச விலையும் வெளியே வந்துவிடும்.

2021-ல் கிளவுட் முறை வந்தது. போடியில் இருப்பவரும் புத்தடியில் இருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்க வழி பிறந்தது. வாங்குபவர்களை இரண்டு இடத்தில் சிதறவிடாமல் ஒரே சந்தையாகச் சேர்த்தார்கள். நாம் மேலே பார்த்த அடர்த்திக் கணக்குதான் இதுவும்.

இங்கே நமக்குப் பாடம் நாலு. ஒரே பொருள். வாங்குபவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுகூடுவது. வாங்கும் முன் சாம்பிள். யார் யார் உள்ளே வரலாம் என்பதற்கு ஒரு வாசல்.

பெரியவங்களும் சின்னதாத்தான் ஆரம்பிச்சாங்க

இது ஏலக்காய்க்கு மட்டும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட், 1995-ல் கிரெய்க் நியூமார்க் சான் பிரான்சிஸ்கோ நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத்தான் தொடங்கியது. வேறு ஊருக்குப் போனது 2000-ல். ஒரே ஊரில் ஐந்து வருடம்!

நம்மவர் கதை இன்னும் நெருக்கம். சென்னைக்காரர் முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, 1997-ல் தமிழர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்கினார். அதில் பல பகுதிகள் இருந்தன. கூட்டம் மட்டும் வரன் தேடும் பகுதிக்கு வந்தது. அவர் அந்தக் கூட்டத்தின் பின்னால் போனார். தமிழ் மேட்ரிமோனி, பிறகு பாரத் மேட்ரிமோனி. 2017-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலானது. பத்திரிகையின் "மணமகள் தேவை" பகுதியும் வரி விளம்பரம்தானே? அந்த ஒரு பத்தியை எடுத்து முழுத் தொழிலாக்கினார்.

எதிர்ப்பக்கமும் பார்க்கணும். குயிக்கர் கார், வீடு, வேலை, வீட்டுச் சேவை என்று ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தது. 2016-ல் காமன்ஃப்ளோரை வாங்கியது. பின்னர் ஆட்குறைப்பு வந்து சுருங்கியது. நாடு முழுக்கப் பேர் தெரிந்த ஓஎல்எக்ஸின் இந்தியத் தொழிலை 2023-ல் கார்டிரேட் வாங்கிய விலை சுமார் 537 கோடி ரூபாய். டிவி விளம்பரத்துக்குக் கொட்டிக் கொடுக்க முடிந்த நிறுவனங்களுக்கே நிலைமை இது. நம்மிடம் இருப்பது பாக்கெட் மணி. அகலமாகப் போய் அவர்களை ஜெயிக்க முடியாது.

உண்மையான போட்டி வாட்ஸ்அப்

போடியில் உங்கள் போட்டியாளர் ஓஎல்எக்ஸ் இல்லை. ஊர் வாட்ஸ்அப் குரூப்பும் டீக்கடையும்தான். இரண்டும் இலவசம், இரண்டிலும் தெரிந்த முகங்கள். அவற்றை விட எதை நன்றாகச் செய்வீர்கள் என்பதற்குப் பதில் இல்லை என்றால் தொடங்கவே வேண்டாம்.

பதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் காலையில் வந்த விளம்பரம் சாயங்காலம் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். வாடகை, தூரம், தண்ணீர் வசதி என்று வடிகட்டித் தேட முடியாது. வாடகைக்குப் போய்விட்டதா என்றும் தெரியாது. தேடல், வடிகட்டல், காலாவதி ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் போதும். குரூப்போடு சண்டை போடாமல், அதே குரூப்பில் உங்கள் இணைப்பைப் பகிரச் சொல்லுங்கள்.

தேடுபொறிக்கும் ஒரு குறிப்பு. நம் ஆட்கள் தமிழிலும் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுவார்கள். போடிநாயக்கனூரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். பக்கத்தின் தலைப்பும் விவரமும் அதற்கு ஏற்றபடி இருக்கட்டும். ஆனால் விளம்பரமே இல்லாத ஊர்களுக்கும் காலிப் பக்கங்களை உருவாக்கி வைக்காதீர்கள். கூகுள் அதை மதிக்காது, வருபவரும் மதிக்கமாட்டார்.

முதல் 50 விளம்பரத்தை நடந்து எடுங்க

"ஆப் ரெடி, டவுன்லோடு பண்ணுங்க" என்று போஸ்டர் ஒட்டினால் யாரும் விளம்பரம் போடமாட்டார்கள். நோட்டும் போனுமாகத் தெருத்தெருவாகப் போங்கள். "டு-லெட்" பலகை தொங்கும் வீட்டில் கேளுங்கள். படம் நீங்களே எடுங்கள், விவரம் நீங்களே ஏற்றுங்கள், வீட்டுக்காரர் சம்மதத்தோடு. வீட்டுக்காரம்மாவுக்கு உங்கள் தளத்தின் பெயர் நினைவிருக்க வேண்டியதில்லை, அவருக்கு ஒரு போன் வந்தால் போதும்.

நேரமும் பாருங்கள். ரூம் என்றால் அட்மிஷன் மாதங்கள். மலைத் தோட்டத்துக்கான பழைய ஸ்பிரேயர், சொட்டுநீர்க் குழாய் போன்றவை என்றால் ஏலக்காய் சீசனை ஒட்டி. வருடம் முழுக்க மெதுவாக விளம்பரம் சேர்ப்பதை விட, தேவை உச்சத்தில் இருக்கும் சில வாரங்களில் பெட்டியை நிரப்புவது மேல்.

சாம்பிள் எங்கே?

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இதில் தவறினால் அடிபடுவது உங்கள் தளம் மட்டுமில்லை, அதை நம்பி வந்த ஒரு குடும்பமும்தான். மகனுக்கு ரூம் பிடிக்க ஒரு தோட்டத் தொழிலாளி அட்வான்ஸ் அனுப்புகிறார். அந்த ரூமே பொய் என்றால்? அவருடைய பல நாள் கூலி போச்சு.

விளம்பரத் தளங்களில் வழக்கமாக நடக்கும் மோசடிகள் தெரிந்தவைதான். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, முன்பணம் அனுப்புங்கள்" என்பது ஒன்று. "பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்பது இன்னொன்று. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையே இல்லை. இதை ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் தமிழில் போடுங்கள். பணம் இழந்தவர் உடனே அழைக்க வேண்டிய எண் 1930, அதையும் போடுங்கள்.

ஏல மையத்தின் சாம்பிளுக்குச் சமமானது, நீங்கள் நேரில் போய்ப் பார்த்த ரூமுக்குத் தரும் "நேரில் பார்த்தது" முத்திரை. ஓஎல்எக்ஸால் போடியில் வீடுவீடாகப் போக முடியாது. உங்களால் முடியும்.

சட்டமும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் பிரிவு 79 இடைநிலைத் தளங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது, ஆனால் நிபந்தனையோடு. 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, விதிகள் குறிக்கும் காலத்துக்குள் தீர்க்க வேண்டும். "காலேஜ் புராஜெக்ட்தானே" என்பது பதிலாகாது.

எதை அளப்பது, எப்போ காசு கேட்பது?

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: போட்ட 100 விளம்பரத்தில் எத்தனைக்கு 7 நாளில் ஒரு உண்மையான அழைப்பாவது வந்தது? போன் போட்டுக் கேளுங்கள். முடிந்துபோன விளம்பரத்தை அன்றே எடுத்துவிடுங்கள். போன விலையையும் கேட்டு வையுங்கள். 2019-ல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, சில வருடங்களில் 1,000-க்கும் கீழே இறங்கியது. அப்படி ஆடும் சந்தையில் விவசாயிக்குப் பிடிமானமே நேற்று என்ன விலை போனது என்ற தகவல்தான். அந்தத் தெருவில் ரூம் வாடகை உண்மையில் எவ்வளவு என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால், அதற்காகவே ஆட்கள் வருவார்கள்.

காசை முதலில் கேட்காதீர்கள். கிரெய்க்ஸ்லிஸ்டில் இன்றும் பெரும்பாலான விளம்பரம் இலவசம். வேலைவாய்ப்பு மாதிரி, போடுபவருக்கு நேரடி லாபம் தரும் சில வகைகளுக்குத்தான் கட்டணம். நூற்றில் பாதிக்காவது ஒரு வாரத்தில் அழைப்பு வரும் நிலை வந்த பிறகு, அடிக்கடி விளம்பரம் போடும் விடுதிக்காரரிடம் கட்டணம் பேசலாம். அதன் பிறகுதான் இரண்டாவது பெட்டி, தேனியில் ரூம் அல்லது போடியில் பழைய பைக். இரண்டில் ஒன்று.

இந்த வாரம் கோடு எழுத வேண்டாம். சனிக்கிழமை ஒரு நாள் போடி தெருக்களில் நடந்து 20 "டு-லெட்" பலகையைப் பிடியுங்கள். கூகுள் ஷீட்டில் போட்டு, ரூம் தேடும் ஜூனியர்களுக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமைக்குள் ஒரு வீட்டுக்காரருக்காவது போன் போயிருந்தால், அதற்குப் பிறகு டொமைன் வாங்கலாம்.