ஒரே ஒரு ராத்திரி தூங்காவிட்டால் மூச்சின் தெம்பு பாதியாகிவிடும், தெரியுமா?

நோய் நொடி எதுவும் இல்லாத ஆண்கள் 20 பேர். பிரான்சின் புவாத்தியே நகர மருத்துவர்கள் அவர்களை ஓர் இரவு முழுக்கக் கண்ணயர விடாமல் விழித்திருக்கச் செய்தார்கள். பிறகு மூச்சை உள்ளிழுக்கும் வழியில் ஒரு தடையை வைத்து, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் தாங்கிய நேரத்தில் பாதிதான் முடிந்தது! 2020இல் வெளிவந்த ஆய்வு இது. பழுது எங்கே என்று தேடியபோது, மூளையின் மேற்பரப்பிலிருந்து மூச்சுத் தசைகளுக்கு வரும் கட்டளையே வலுவிழந்திருந்தது. இழுத்து விடச் சொல்லி மூளை போடும் உத்தரவுக்கும் தூக்கம் வேண்டும்!

திடகாத்திரமானவர்களுக்கே ஓர் இரவில் இப்படி என்றால், ஐ.சி.யு.வில் வாய்வழியாக ட்யூப் போட்டு, வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தூங்குவதே இல்லை என்று நினைக்கிறோம். அப்படியும் இல்லை! 24 மணி நேரக் கணக்கை எடுத்தால் பலருக்குத் தூக்க நேரம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் அது துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது; ஏறத்தாழப் பாதித் தூக்கம் பட்டப்பகலில் வருகிறது. உடம்பைத் தேற்றும் ஆழ்தூக்கமும் கனவுத் தூக்கமும் அதில் அபூர்வம்.

இன்னொன்று கேளுங்கள். சிலருடைய மூளை அலைகளில், தூக்கத்துக்கே உரிய அடையாளங்கள் மறைந்தே போகின்றன. கண் மூடியிருக்கிறார், மூளை மெல்ல ஓடுகிறது, ஆனால் அதை எந்த வகைத் தூக்கம் என்றும் வகைப்படுத்த முடிவதில்லை! அதே புவாத்தியேயில் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரிலிருந்து விடுபடும் முதல் சோதனையில் தேறாத 45 பேரை இரவெல்லாம் பதிவு செய்தார்கள். அந்தச் சோதனை என்பது, மெஷினின் துணையைக் குறைத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தாமாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பது. அந்த 45 பேரில் 20 பேருக்கு இப்படி விபரீதத் தூக்கம். மற்றவர்கள் மெஷினை விட்டு மீள இடைநிலைக் கணக்கில் 2 நாள். இவர்களுக்கு 5 நாள்! கெட்ட தூக்கம்தான் மூச்சைக் கெடுத்ததா, இரண்டையும் நோயே சேர்த்துக் கெடுத்ததா என்பதை இந்த ஒரு கணக்கை வைத்துத் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஐ.சி.யு. படுக்கையில் மூன்று நாள் என்பது எவ்வளவு பெரிய காலம்!

அந்த நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? மூச்சின் தலைமைத் தசையான உதரவிதானம் மெஷினிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தால், 18 மணி முதல் 69 மணி நேரத்துக்குள் அதன் தசைநார்களின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. மூளைச்சாவு அடைந்த உறுப்புக் கொடையாளர்களிடம் 2008இல் கண்டறிந்த உண்மை இது. கை கால் மெலிவது கண்ணுக்குத் தெரியும். இது வெளியே தெரியாமலே நடக்கிறது.

கனடாவின் டொராண்டோவில் 2019இல் கண்டது இதைவிட அதிசயம்! வினிபெக்கைச் சேர்ந்த மக்டி யூனஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய ஒரு முறை, மூளை அலைகளை 3 வினாடிக்கு ஒருமுறை எடைபோட்டு 0 முதல் 2.5 வரை ஓர் எண்ணைத் தருகிறது. 0 என்றால் ஆழ்ந்த தூக்கம், 2.5 என்றால் முழு விழிப்பு. மூச்சுச் சோதனைக்கு முந்தைய இரவில் இந்த எண்ணைப் பார்த்தார்கள். முழு விழிப்பை எட்டிப் பிடித்த நேரம் கூடுதலாக இருந்தவர்கள் சோதனையில் தேறினார்கள். சோதனையில் தவறியவர்கள் பலரிடம் மூளையின் வலது பாதியும் இடது பாதியும் ஒத்துப்போகவில்லை! ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நடக்க, மற்றது கண் சொருகி நிற்பதுபோல. கண் திறந்திருக்கிறார், கேட்டால் தலையாட்டுகிறார், ஆகவே விழித்திருக்கிறார் என்று நாம் நம்புகிறோம். அவர் மூளையோ பாதி உறக்கத்தில்!

சரி, யார் இவர்களைத் தூங்கவிடாமல் எழுப்புவது? அலாரம் சத்தம் என்றுதான் எல்லாரும் சொல்வோம். சத்தம் இருப்பது நிஜம். மருத்துவமனை அறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 30 டெசிபல். இங்கிலாந்தில் 5 ஐ.சி.யு.க்களை 2013இல் அளந்தபோது சராசரி எப்போதும் 45ஐத் தாண்டியே இருந்தது, நடு இரவிலும் 85ஐத் தாண்டும் உச்சங்கள். ஆனால் இன்னொரு ஆய்வு விழிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. சத்தமும், ஊசி போட, புரட்டிப் படுக்கவைக்க வரும் பணிகளும் சேர்ந்தே முப்பது சதவீதத்துக்கும் குறைவு!

வென்டிலேட்டரின் அமைப்பே சிலரை எழுப்புகிறது என்பது 2002இல் தெரிந்தது. தூக்கத்தில் நம் மூச்சை ஓட்டுவது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு. மெஷின் தேவைக்கு மேல் காற்றைத் தள்ளினால் அந்த வாயு குறைந்துபோய், மூளை மூச்சையே நிறுத்திவைக்கிறது. பிறகு திடுக்கிட்டு விழிக்கிறது. 11 நோயாளிகளில் 6 பேருக்கு, நோயாளி தாமாக இழுக்கும் மூச்சுக்கு மட்டும் உந்துதல் தரும் பிரஷர் சப்போர்ட் என்ற அமைப்பில் இப்படி நேர்ந்தது. அந்த அமைப்பில் விழிப்புகளும் குலைவுகளும் மணிக்கு 79. ஒவ்வொரு மூச்சையும் மெஷினே உறுதி செய்யும் அமைப்பில் 54. ஒரு குமிழைச் சரியாகத் திருப்புவதும் தாலாட்டுதான்!

“மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்கோம்” என்று சொல்லக் கேட்டு, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பம் நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புரோபோஃபால் என்ற மருந்து தரும் மயக்கம் தூக்கம் ஆகாது; கனவுத் தூக்கத்தை அது இன்னும் அழுத்திவிடுகிறது. மெலடோனின் மாத்திரையாவது கைகொடுக்குமா? ஆஸ்திரேலியாவில் 850 பேரிடம் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள்: தூக்கக் கேட்டோடு சேர்த்துப் பேசப்படும் ஐ.சி.யு. மனக்குழப்பம் அதனால் குறையவில்லை.

அதற்காகக் கைகட்டி நிற்கிறார்களா? இல்லவே இல்லை! தீவிர சிகிச்சைக்கான அமெரிக்க வழிகாட்டு நெறிகள் 2013இல் வலி, கலக்கம், மனக்குழப்பம் பற்றிப் பேசின. 2018இல் அந்தப் பட்டியலில் தூக்கமும் ஏறியது. இரவில் காதடைப்பான், கண்மறைப்பு, விளக்குத் தணிப்பு. பகலில் ஜன்னல் வெளிச்சம். கழுத்தில் துளையிட்டு ட்யூப் வைத்தவர்கள் பகலில் தாமாக மூச்சுவிடப் பழகும் கட்டத்திலும், இரவில் மெஷினில் இணைத்தபோது கூடுதல் நேரம் தூங்கினார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே ராத்திரி மறுபடி மெஷினைப் போட்டுவிட்டார்களே என்று வாசலில் நின்று மனம் உடைய வேண்டாம். காலையில் டாக்டர் வெளியே வரும்போது ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில், ராத்திரி எப்படித் தூங்கினார் என்றும் கேளுங்கள்.