கதவில்லாக் கோட்டையும் கள்வன் நுழையும் வழியும்
விசுவமடு மிளகாய்த் தோட்டத்திலே ஒரு விஞ்ஞானப் பாடம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, தருமபுரத்தைக் கடந்து சென்றால் விசுவமடு வரும். விசுவமடு என்றதும் மிளகாயை நினைத்த காலம் ஒன்றிருந்தது. 1970 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெளிநாட்டுச் செத்தல் மிளகாயின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்கே காடு வெட்டித் தோட்டஞ் செய்த படித்த இளைஞர் பலர் தலை நிமிர்ந்தனர். 1977 இல் இறக்குமதிக்கு வழி திறந்ததும் விலை சரிந்தது. 2009 இல் போரினால் ஊரே பெயர்ந்தது. பெயர்ந்தோர் பின்னர் மீண்டு வந்து அதே மண்ணிலே மறுபடியும் கன்று நட்டனர்.

அத்தகைய தோட்டமொன்றின் வரம்பிலே நாம் நின்றபோது, முதியவர் ஒருவர் கன்றொன்றின் நுனியைக் கையிலே தாங்கிக் காட்டினார். தளிர்கள் சுருண்டு, சிறுத்து, குட்டையாகிக் கிடந்தன. “தம்பி, மூன்று தரம் மருந்தடிச்சும் சுருள் நிக்கேல்லை. இது என்ன மாயமோ?” என்றார் அவர்.

மாயமன்று, பௌதிகம் என்பதே விடை. அதனை வாசகர்களுடன் சேர்ந்து சற்று ஆராய்வோம்.

பகைவனின் பருமன்

மிளகாயின் இலைச்சுருள் நோய்க்குரிய வைரசு, இரு சிறு உருண்டைகளை ஒட்டிவைத்தாற் போன்ற வடிவினது. அதன் நீளம் ஏறத்தாழ 30 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீற்றர். ஆகவே, ஒரு மில்லிமீற்றர் நீளத்திலே இவ்வைரசுகளை 30,000 க்கு மேல் வரிசையாக அடுக்கிவிடலாம்.

இதற்குக் காலில்லை, சிறகில்லை, வாலுமில்லை. நீரின் மூலக்கூறுகள் நாற்புறமும் இடித்துத் தள்ள, குடிகாரன் நடைபோல அங்குமிங்கும் அலைவதொன்றே இதன் இயக்கம். இவ்வலைச்சலின் கணக்கை 1905 ஆம் ஆண்டிலே ஐன்ஸ்டைன் வகுத்தார். செல்ல வேண்டிய தூரம் இரு மடங்கானால், வேண்டிய காலம் நான்கு மடங்காகும். இதன்படி, அசைவற்ற நீரிலே ஒரு கலத்தின் அகலத்தை, அதாவது ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை, இவ்வைரசு சில விநாடிகளிற் கடந்துவிடும். ஒரு சென்ரிமீற்றரைக் கடப்பதற்கோ ஏறத்தாழ ஒரு மாதம் வேண்டும். அடுத்த பாத்தியிலுள்ள கன்றை அது தானாகச் சென்றடைவதெங்ஙனம்?

சென்றடைந்தாலும் உள்ளே நுழைய வழியில்லை. தாவரக் கலத்தைச் சுற்றிலும் செலுலோசினாலான உறுதியான சுவர் உண்டு. அச்சுவருக்குள்ளே வளிமண்டல அமுக்கத்தைப் போலப் பல மடங்கு அமுக்கத்துடன் நீர் நிறைந்து விம்மி நிற்கிறது. வாடிய கீரை நீர் தெளித்ததும் நிமிர்வது இவ்வமுக்கத்தினாலேயே. வாயிற்கதவே இல்லாத கோட்டை இது.

மற்றைய வைரசுகளின் தந்திரம்

பற்றீரியாவைத் தாக்கும் சில வைரசுகள் தம் டி.என்.ஏ. இழையைத் தலைக்குள்ளே இறுக்கித் திணித்து வைத்திருக்கின்றன. அதனால் உள்ளே பல பத்து வளிமண்டல அளவான அமுக்கம் உண்டாகின்றது. பற்றீரியாவின் மேல் ஒட்டியதும், அடைத்த சோடாப் போத்தலைத் திறந்தாற்போல இழை உள்ளே பாயத் தொடங்குகின்றது. டி.என்.ஏ. மாத்திரமே உள்ளே செல்ல, புரத உறை பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிடுகின்றது என்பதை ஹேர்சி, சேஸ் என்ற இருவர் 1952 இல் பரிசோதனையாற் காட்டினர்.

நம்மைத் தாக்கும் சளிச்சுர வைரசாகிய இன்புளுவென்சாவின் வழி வேறு. நம் கலங்களுக்குச் சுவரில்லை. மெல்லிய கொழுப்புச் சவ்வே உண்டு. வைரசு அதன்மேல் ஒட்டியதும், கலமே அதனை ஒரு சிறு பையிலிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்பைக்குள்ளே அமிலத்தன்மை ஏறியதும், எலிப்பொறியின் வில் விடுபட்டாற்போல வைரசின் மேலுள்ள புரதம் நிமிர்ந்து கலச்சவ்வைக் குத்திப் பிடிக்கிறது. பின்னர் மடிந்து இரு சவ்வுகளையும் ஒன்றாக இழுத்து இணைத்துவிடுகிறது. அவ்வைரசின் போர்வையும் கொழுப்பே ஆதலால், சவர்க்காரம் அதனைக் கரைத்துக் குலைத்துவிடும். கை கழுவச் சொல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மிளகாய் வைரசிடமோ அமுக்கப் பொறியுமில்லை, வில்லுமில்லை. அது பிறர் துணையை நம்பியிருப்பது.

ஊசி பிடித்த வெள்ளை ஈ

அத்துணைதான் இலையின் அடிப்புறத்திலே ஒட்டியிருக்கும் வெள்ளை ஈ. ஒரு மில்லிமீற்றர் அளவான இப்பூச்சி, மயிரினும் நுண்ணிய தன் வாய் ஊசியை இலைக்குள்ளே செலுத்தி, சீனிச்சாறு ஓடும் குழாயைத் தேடிக் குத்துகிறது. நோயுற்ற கன்றிற் குடித்த சாற்றுடன் வைரசும் ஈயின் குடலுக்குட் சென்று, அதன் குருதியினூடே உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. பல மணி நேரம் கழிந்தபின், அந்த ஈ நல்ல கன்றொன்றைக் குத்தும்போது உமிழ்நீருடன் வைரசும் உள்ளே இறங்குகின்றது. மருத்துவர் ஊசி ஏற்றுவதற்கும் இதற்கும் முறையளவில் வேற்றுமையில்லை.

உள்ளே புகுந்த வைரசு கலத்தின் கருவை அடைந்து, அக்கலத்தின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்குகிறது. தாவரக் கலங்களுக்கிடையே நுண்ணிய துளைகள் உண்டு. ஆயினும் அவை வைரசின் பொருளை எளிதில் விடா. அதன் புரதங்கள் சிலவே அப்பொருளை வழிநடத்தித் துளையைக் கடக்கச் செய்கின்றன. பின்னர் சீனிச்சாற்றின் ஓட்டத்துடன், சாறு எங்கே விரைகிறதோ அங்கே, அதாவது வளரும் தளிருக்கு, அதுவும் செல்கிறது. தளிர் முதலிற் சுருள்வதன் காரணம் இதுவே.

நம்மவர் நன்கறிந்த புகையிலைக்கும் இக்கதையில் இடமுண்டு. 1892 இல் ரஷ்யாவிலே இவனோவ்ஸ்கியும், 1898 இல் ஒல்லாந்திலே பெயரிங்கும் ஆராய்ந்து, வைரசு என்றொன்று உண்டென முதன்முதலில் அறிய வைத்தது புகையிலைத் தேமல் நோயே. அவ்வைரசுக்குப் பூச்சியும் வேண்டியதில்லை. இலை மயிர் முறிந்த சிறு காயம் போதும். தோட்டக்காரரின் கையே அதனைக் கொண்டு செல்லும். 1955 இல் அவ்வைரசின் புரதத்தையும் ஆர்.என்.ஏ. இழையையும் தனித்தனியே பிரித்து மீண்டும் கலந்தபோது, அவை தாமே கூடி நோய் பரப்பவல்ல வைரசாயின.

இத்தகைய கூட்டத்திலே மின்னேற்றத்துக்குப் பெரும் பங்குண்டு. இழை எதிர் மின்னேற்றமுடையது. பல வைரசுகளின் உறைப் புரதம் உட்புறத்திலே நேர் மின்னேற்றமுடையது. ஒற்றை இழை வைரசுகள் பலவற்றிலே இவ்விரண்டுக்குமிடையே ஒழுங்கான விகிதம் உண்டென்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்திலே பயின்று அமெரிக்காவிலே பேராசிரியரான முருகப்பன் முத்துக்குமாரும் அவர்தம் துணைவர் ஒருவரும் 2006 இல் எடுத்துக்காட்டினர்.

பெரியவரின் கேள்விக்கு விடை

மருந்து ஈயைக் கொல்லலாம். கலத்துட் புகுந்த வைரசைத் தொடாது. சுருண்ட கன்றுக்கு மூன்று தரமன்று, முப்பது தரம் அடித்தாலும் அது திரும்பாது. அடிக்கடி அடித்தால், மருந்துக்கு அஞ்சாத ஈக்களே எஞ்சிப் பெருகும்.

இன்னுமொன்று: சுருள் யாவும் வைரசன்று. இலையோரம் மேல்நோக்கி மடிந்தால் பனிப்பூச்சியும், கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணியும் காரணமாகலாம். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்த பின்னரே மருந்தை நினைத்தல் வேண்டும்.

வைரசு நுழைய வழி ஈயின் ஊசி ஒன்றே என்றால், காவலும் அவ்வழியிலேயே அமைதல் வேண்டும். நாற்று மேடையை நுண்ணிய வலையால் மூடுதல், மஞ்சள் நிற ஒட்டுப் பொறி வைத்தல், ஓரத்திலே சோளம் விதைத்துத் தடுப்பு எழுப்புதல், களை நீக்குதல் ஆகியன அக்காவல்கள். யாவற்றினும் முக்கியமானது, நோயுற்ற கன்றை முதற்கண்டவுடன் பிடுங்கி அப்புறப்படுத்துதல். அது நிற்கும் ஒவ்வொரு நாளும் ஈக்களுக்கு நச்சுப் பந்தியாகும்.

இதனை நாம் சொன்னபோது பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. குடத்திலே நீர் சுமந்து உயிர் கொடுத்த கன்றைத் தம் கையாலேயே பிடுங்குவது எளிதா? கடனுக்கு வாங்கிய விதை அல்லவா? பின்னர் அவர் குனிந்தார். ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே பதினொரு கன்றுகளைப் பிடுங்கிச் சாக்கிலே போட்டு வாயைக் கட்டினார். எஞ்சிய பாத்திகள் பச்சென நின்றன. “இதுகளாவது தப்பட்டும்” என்று சொல்லிக்கொண்டு, அடுத்த வரியில் இலைகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.