பின்னால் வண்டி வராத பாதை

ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருந்த நாட்களில் மத்தியச் செயலகத்துக்கு நான் சைக்கிளில்தான் போய் வந்தேன். கைப்பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பும் குமாஸ்தாக்களின் வரிசை நம் சங்கத்து மூத்த உறுப்பினர்கள் பலருக்கு நினைவிருக்கும். 1994-இல் ஒரு நாள் மாலை, பின்னால் வந்த பஸ் ஒன்று உரசிவிட்டுப் போனதில் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரிப்பதற்குள் என் மனைவி சைக்கிளைக் கபாடிக்காரனிடம் போட்டுவிட்டாள். அதன்பின் முப்பது வருடம் நான் பெடலை மிதிக்கவில்லை.

2024 கோடையில் மகள் வீட்டுக்கு ஜெர்மனி போனோம். மாப்பிள்ளைக்கு கிளவுஸ்டால்-செல்லர்ஃபெல்ட் என்ற சிற்றூரில் வேலை. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஹார்ட்ஸ் மலைமேல், சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். ஹார்ட்ஸின் மிக உயர்ந்த சிகரமான பிராக்கனே 1,141 மீட்டர்தான். நம் தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை. பனி மூடிய கொடுமுடிகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அலை அலையாகக் குன்றுகள், காடு, இடையிடையே ஏரிகள், அவ்வளவே.

போன மூன்றாம் நாள் மாப்பிள்ளை இரண்டு சைக்கிள்களை வாசலில் நிறுத்தினார். "மாமா, ஏறுங்க." உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "ஒரு தடவை கையை ஒடிச்சுக்கிட்டது போதாதா?"

பழைய டயர், புதிய பெயர்

மாப்பிள்ளையுடையது 'கிராவல்' சைக்கிள். சரளைச் சாலையில் ஓட்டுவதற்கென்றே செய்தது. கைப்பிடி பந்தயச் சைக்கிள் போல வளைந்திருக்கும். டயர் மட்டும் அகலம், ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளின் டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். கிட்டத்தட்ட அதே அகலம்தான்! மண்சாலைக்கும் கப்பிச் சாலைக்கும் எது தேவை என்று நம் கிராமத்துப் பால்காரருக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

குனிந்து ஓட்ட என் முதுகு இடம் தராது என்பதால் எனக்கு பாட்டரி வைத்த சைக்கிள். மிதித்தால்தான் மோட்டார் உதவும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்கு அங்கே லைசென்ஸ் வேண்டியதில்லை.

ஒரு கட்டை, ஒரு பலகை

ஊர் எல்லையில் காடு தொடங்குமிடத்தில் சாலையின் குறுக்கே ஒரு தடுப்புக் கட்டை. பக்கத்தில் சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை. வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்று பொருள். கட்டையின் ஓரமாகச் சைக்கிள் நுழையச் சிறு இடைவெளி. அதைத் தாண்டினால் மூன்றரை மீட்டர் அகலத்தில், உடைகல் பரப்பி இறுக்கிய காட்டுச் சாலை. மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்டது. வனத்துறை வண்டியோ மர லாரியோ எப்போதாவது வரும். வேறு மோட்டார் எதுவும் வரக்கூடாது.

1975-ஆம் ஆண்டின் ஜெர்மன் வனச் சட்டம், ஓய்வுக்காகக் காட்டுக்குள் செல்லும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. காடு தனியாருடையதாக இருந்தாலும் சரிதான். சைக்கிள்காரர் மட்டும் சாலையையும் பாதையையும் விட்டு இறங்கக்கூடாது. விழுந்தால் பொறுப்பு அவரவருடையது.

முதல் அரை மணி நேரம் நான் நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். டில்லி கற்றுக் கொடுத்த பழக்கம். முறிந்த கை நினைவூட்டும் பழக்கம். திரும்பும்போதெல்லாம் சைக்கிள் ஓரத்துக்கு இழுத்தது. "மாமா, பின்னால யாரும் வரமாட்டாங்க. முன்னால பாருங்க" என்றார் மாப்பிள்ளை. மூன்றாம் நாள்தான் என் கழுத்து அதை நம்பியது. அன்றுதான் பறவைச் சத்தமும் டயருக்கடியில் சரளை நொறுங்கும் ஓசையும் காதில் விழுந்தன. எட்டு வயதில் எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் அரைப்பெடல் போட்டது நினைவுக்கு வந்தது.

இங்கேயும் வாய்க்கால்

வாய்க்கால் நினைவுக்குக் காரணம் உண்டு. ஹார்ட்ஸ் காட்டில் வெள்ளி, ஈயச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற பம்புகள் வேண்டும். பம்புகளை இயக்க நீர்ச்சக்கரங்கள் வேண்டும். சக்கரங்களைச் சுழற்ற மேலிருந்து தண்ணீர் வேண்டும். ஆகவே நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகளையும், மலையைச் சுற்றி 300 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால்களையும் பல தலைமுறைகளாக வெட்டினார்கள். 1722-இல் கட்டி முடித்த ஓடர் ஏரியின் அணை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜெர்மனியிலேயே பெரியது. சுரங்கங்கள் மூடிவிட்டன; நீர் ஓடுகிறது. 2010-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

நீர் மெல்ல நகர வேண்டும் என்பதால் வாய்க்காலுக்குச் சரிவு மிகக் குறைவு. கரையும் அப்படியே. மலைமேல் சமதளம்! நடப்பவர்களுக்கான குறுகிய கரைகளில் நாங்கள் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம்.

காய்ந்த காடு

எல்லாம் பசுமை என்று எழுதினால் பொய்யாகும். சுரங்கத்துக்காக இயற்கைக் காட்டை வெட்டியவர்கள், அந்த இடத்தில் சீக்கிரம் வளரும் ஸ்ப்ரூஸ் மரத்தையே வரிசை வரிசையாக நட்டார்கள். 2018-இல் தொடங்கிய வறட்சியில் மரங்கள் வலுவிழந்தன. பட்டைக்குள் துளைத்து வாழும் சிறு வண்டு பெருகிவிட்டது. குன்று குன்றாக மரங்கள் சாம்பல் நிறக் கம்பங்களாக நின்றன. ஒரே மரத்தை நம்பியதற்கு விலை அது. ஆனால் அந்தக் கம்பங்களுக்கிடையே பிர்ச் கன்றுகள் இடுப்பளவு எழுந்திருந்தன. இப்போது பலவகை மரங்களைக் கலந்து வளர்க்கிறார்கள்.

போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகும் சங்க அன்பர்கள் வீட்டுக்குள் டி.வி. பார்த்துப் பொழுதைக் கழிக்க வேண்டாம். வாடகைச் சைக்கிள் கிடைக்கும். சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் அணியுங்கள். சரளை இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சறுக்கும். இரண்டையும் மெதுவாகப் பிடியுங்கள். புல்லில் உண்ணி உண்டு. நீளக் காலுறை அணிந்து, வீடு திரும்பியதும் உடம்பைச் சோதியுங்கள். காய்ந்த மரங்களுக்கடியில், காற்றடிக்கும்போது நிற்காதீர்கள். காட்டில் எண் எழுதிய மீட்புப் பலகைகள் உண்டு. ஆபத்தென்றால் 112-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

கடைசி வாரம் என் மனைவியும் வந்தாள். ஏரிக்கரையில் உட்கார்ந்து, ஆறு வயதுப் பேத்தி யார் பிடித்துக்கொள்வதும் இல்லாமல் காட்டுச் சாலையில் வட்டமடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு முறைகூட "ஓரமா போ" என்று கத்தவில்லை. அதை அவளே பிறகு சொல்லி வியந்தாள்.

திரும்பி வந்தபின் எங்கள் அடுக்ககத்தில் எண்ணிப் பார்த்தேன். பால்கனிகளில் பதினொரு குழந்தைச் சைக்கிள்கள். பலவற்றின் மேல் துணி உலர்கிறது. ஹார்ட்ஸ் காட்டை இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் அந்த அமைதிக்குக் காரணம் காடு மட்டுமல்லவே. ஒரு கட்டையும் ஒரு பலகையும், அதை மதிக்கும் மனிதரும். குர்காவ்னில் 2013 நவம்பரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாலையைக் கார்களுக்கு மூடிக் காட்டினார்களே!

எங்கள் காலனிக் குழுவிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்: உள்சாலையை ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை மூட வேண்டும் என்று. கையெழுத்திட்டவர்களில் முதல் பெயர் என் மனைவியுடையது.