பழைய கடைவீடு: கையில் என்ன கிடைக்கும்?

தாத்தா விட்டுப்போன கடைவீட்டைப் பற்றி அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மரபுடைமை வீடாச்சே, அரசாங்கம் பணம் தராதா?"

ரொக்கமாக எதிர்பார்க்க வேண்டாம். 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உட்பட சிங்கப்பூரின் 10 வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்டன. இன்று 7,000க்கும் அதிகமான கட்டடங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. உரிமையாளர்களை ஊக்குவிக்கத் தந்த சலுகைகள், மேம்பாட்டுக் கட்டண விலக்கும் கார் நிறுத்த இடம் ஒதுக்காததற்கான கட்டண விலக்கும். குறுகலான கடைவீட்டில் காரை எங்கே நிறுத்துவது? அதனால் அது சின்னச் சலுகையல்ல.

250 விழுக்காடு வரிக்கழிவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு. சொந்த வீட்டின் ஓட்டை மாற்றிய ரசீதுக்கு அல்ல. வீட்டை வாடகைக்கு விட்டபின் செய்யும் பழுதுபார்ப்புச் செலவை மட்டும் வாடகை வருமானத்தில் கழிக்கலாம். புதிதாகச் சேர்க்கும் வசதிகளுக்கு அதுவும் இல்லை.

உண்மையில் கணக்கை மாற்றுவது, வீடு இருக்கும் இடம்தான். லிட்டில் இந்தியாவில் முகப்பை மட்டும் காத்தால் போதாது. மரப்படி, உத்தரம், காற்றும் வெளிச்சமும் வரும் நடுமுற்றம், களிமண் ஓடு எல்லாம் நிலைக்க வேண்டும்; அஞ்சடியை அடைக்கவும் கூடாது. ஜூ சியாட், கேலாங் போன்ற வட்டாரங்களில் பின்பக்கம் உயர்த்திக் கட்ட இடமுண்டு. கூடுதல் அறைகளும் கூடுதல் வாடகையும் அங்கேதான்.

பாகம் பிரிக்கும் முன் இதைக் கட்டடக்கலைஞரிடம் கேட்டுவிடுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி கைக்கு வரும்வரை ஒப்பந்தக்காரர் ஒரு சுவரையும் தொடக்கூடாது.