தொழிலுக்கேற்ற இணைய வேகம்

ஏரியில் நீர் நிறைந்திருப்பினும் வாய்க்கால் குறுகியதாயின் கடைமடை வயல் காயும். வளரும் தொழிலுக்கு இணைய இணைப்பும் அத்தகைய வாய்க்காலே ஆகும்.

இணைய வேகம் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று கூறப்படும். கோப்பின் அளவோ பெரும்பாலும் மெகாபைட்டில் குறிக்கப்படும். 8 பிட்டுகள் சேர்ந்தது 1 பைட். ஆகவே, 100 மெகாபிட் இணைப்பு நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் கொண்டு வாராது. இவ்வேறுபாட்டை அறியாதார் கணக்கில் எட்டு மடங்கு தவறுவர்.

வேகம், பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம் என இருவகைப்படும். முன்னது செய்தியைப் பெறுவதற்கு உரியது. பின்னது அனுப்புவதற்கு உரியது. சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்று, 1,000 மெகாபைட் அளவுள்ள படக்கோப்பை வெளியூர் வணிகரின் ஒப்புதலுக்கு அனுப்புவதாகக் கொள்க. பதிவேற்ற வேகம் 10 மெகாபிட்டாயின், 800 நொடிகள், அஃதாவது 13 நிமிடங்களுக்கு மேல் செல்லும். 100 மெகாபிட்டாயின் 80 நொடிகளே போதும். பதிவிறக்க வேகம் எத்துணை மிகுந்திருப்பினும் இங்கு உதவாது. ஒப்புதல் தாமதித்தால் அச்சும் தாமதிக்கும். புத்தாண்டு பிறந்தபின் வரும் நாட்காட்டியை யார் விரும்பி வாங்குவர்?

மேலும், ஓர் இணைப்பைப் பலர் பகிர்ந்து கொள்வர். ஆதலின், வேலை மிகுந்த வேளையில் ஒருங்கே பயன்படுத்துவோர் எத்தனை பேர், அவர்கள் செய்யும் பணி யாது என்பவற்றைக் கணக்கிடல் வேண்டும். நாளைய வளர்ச்சிக்கும் சிறிது இடம் விடுதல் நன்று. மிகுத்து வாங்கினால் பொருள் வீணாகும். குறைத்து வாங்கினால் காலம் வீணாகும். தேவையை அளந்தறிந்து வாங்குபவரே இரண்டையும் காப்பவராவர்.