ப்ளே பட்டனை அமுக்கியும் சத்தம் வரலையா? ஹெட்செட்டைத் திட்டாதீங்க, ஸ்கிரிப்ட்டைக் கவனிங்க!

ஹெட்செட் மாட்டியாச்சு. வால்யூம் ஃபுல். ப்ளே பட்டனை அமுக்கினால் வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. இல்லைன்னா, நேரம் 0:00-லேயே நிற்குது. உடனே நாம என்ன செய்வோம்? ஹெட்செட்டைக் கழற்றி மாட்டுவோம், போனை ரீஸ்டார்ட் பண்ணுவோம், நெட் பேக் தீர்ந்துபோச்சான்னு பார்ப்போம். ஆனால், அதே போனில் யூடியூப் ஜம்முன்னு ஓடும். அப்படின்னா பிரச்னை ஸ்பீக்கரிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. பெரும்பாலும் அது பிரௌசருக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்டில் இருக்கு.

'ஒரு பாட்டுதானே, போனா போகுது' என்று எல்லோராலும் விட முடியாது. ஜெர்மன் ஏ1 தேர்வுக்கும், வெளிநாட்டு வேலைக்கான ஓ.இ.டி தேர்வுக்கும் தயாராகும் நர்ஸ்கள் லிசனிங் பயிற்சியை பிரௌசரில்தான் செய்கிறார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பாடப் புத்தகத்தை ஆடியோவாகத்தான் கேட்கிறார்கள். சில சைட்களில் 'நான் ரோபோ இல்லை' என்று நிரூபிக்கக்கூட அவர்களுக்கு ஆடியோ ஓடியாக வேண்டும். போனில் இடம் இல்லாமல் ஆப் இன்ஸ்டால் செய்ய முடியாதவர்களுக்கும் பிரௌசர்தான் ஒரே வழி. அதனால், எங்கே சிக்குது, எப்படிச் சரி செய்றதுன்னு தெரிஞ்சுவெச்சுக்கிறது நல்லது.

ப்ளே பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்குது?

ஒரு காலத்தில் இணையத்தில் பாட்டு ஓட ஃப்ளாஷ் ப்ளேயர் வேணும். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அதற்கு முழுக்குப் போட்டுவிட்டது. இப்போது ஆடியோவை ஓட்டும் வேலையை பிரௌசரே பார்த்துக்கொள்கிறது. ஆனால், ப்ளே பட்டன், அடுத்த டிராக், நீங்கள் லாக்-இன் செய்திருக்கிறீர்களா என்ற சோதனை, இதையெல்லாம் கவனிப்பது ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 10 நாள்களில் முதல் வடிவத்தை எழுதி முடித்த மொழி இது.

கோயில் திருவிழாக் கச்சேரியை நினைச்சுக்கோங்க. பாடகர் மேடையில் ரெடி. ஆனால், மைக்செட்காரர் ஒரே ஒரு வயரைச் சொருகாமல் விட்டுவிட்டால், கூட்டத்துக்கு எதுவும் கேட்காது. இங்கே பாடகர்தான் ஆடியோ ஃபைல், மைக்செட்காரர்தான் ஸ்கிரிப்ட். ஒரு பக்கத்தில் பல ஸ்கிரிப்ட் ஃபைல்கள், பல சர்வர்களிலிருந்து வரும். அவற்றில் ஒன்று வராமல் போனாலோ, நடுவில் தடுக்கி விழுந்தாலோ, அதை நம்பியிருக்கும் மற்ற வேலைகளும் நின்றுவிடும். பக்கம் பார்க்க அழகாக இருக்கும். பட்டன் மட்டும் பொம்மை பட்டன் ஆகிவிடும்.

முதல்ல இந்த 3 டெஸ்ட்

செட்டிங்ஸில் கைவைப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். 2 நிமிஷம் போதும்.

1. அதே பிரௌசரில் வேறொரு சைட்டில் ஆடியோ ஓடுதா? ஓடினால் போன், வால்யூம், ப்ளூடூத் எல்லாம் ஓகே.

2. அதே பக்கத்தை இன்காக்னிட்டோவில் திறங்கள். அங்கே ஓடினால், சிக்கல் உங்கள் பிரௌசர் சேர்த்துவைத்திருக்கும் பழைய ஃபைல்களில் இருக்கலாம். கம்ப்யூட்டராக இருந்தால் எக்ஸ்டென்ஷன்கள் மீதும் சந்தேகப்படலாம். இன்காக்னிட்டோவில் அவை வழக்கமாக ஓடாது.

3. வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். அப்போது ஓடினால், அந்த வைஃபைதான் எதையோ தடுக்குது.

மூன்றிலும் பலன் இல்லையென்றால் வேறொரு பிரௌசரில் பாருங்கள். ஐபோன்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம்: இந்தியாவில் ஐபோனில் இருக்கும் குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாமே உள்ளுக்குள் சஃபாரியின் இன்ஜினில்தான் ஓடுகின்றன. அதனால் பிரௌசரை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வேறொரு போனிலோ, கம்ப்யூட்டரிலோ பார்ப்பதுதான் சரியான டெஸ்ட்.

காரணம் 1: 'தானா சத்தம் போடக்கூடாது' ரூல்

பக்கத்தைத் திறந்ததும் விளம்பரம் அலறிய காலம் ஞாபகம் இருக்கா? அதைத் தடுக்க சஃபாரி 2017-லும், குரோம் 2018 ஏப்ரலிலும், ஃபயர்பாக்ஸ் 2019 மார்ச்சிலும் ஒரு ரூல் கொண்டுவந்தன. நீங்கள் பக்கத்தைத் தொடாத வரை, சத்தத்தோடு எதுவும் தானாக ஓடக் கூடாது. குரோமின் ரூல் வந்த வேகத்தில் பல பிரௌசர் கேம்கள் ஊமையாகிப்போக, கூகுள் அதில் ஒரு பகுதியைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று, டெவலப்பர்களுக்கு அவகாசம் கொடுத்தது.

இன்னும் சில சைட்களின் ஸ்கிரிப்ட்டுக்கு இந்த ரூல் தெரியாது. பிரௌசர் 'முடியாது' என்று சொன்னதும் அப்படியே உறைந்துவிடும். திரையில் மட்டும் 'ப்ளே ஆகுது' என்று காட்டும்.

தீர்வு: பக்கத்தில் காலி இடத்தில் ஒருமுறை தொட்டு, பாஸ் அழுத்தி, மறுபடி ப்ளே அழுத்துங்கள். குரோமில் மூன்று புள்ளி மெனு, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ் போய் 'சவுண்ட்', 'ஜாவாஸ்கிரிப்ட்' இரண்டும் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோனில் சைலன்ட் ஸ்விட்ச்சையும் பார்த்துவிடுங்கள். சில சைட்களின் சத்தத்தை அது விழுங்கிவிடும்.

காரணம் 2: பழைய சரக்கு

வேகமாகத் திறக்கணும் என்பதற்காக, சைட்டின் ஃபைல்களை பிரௌசர் போனிலேயே சேர்த்துவைக்கும். இதுதான் கேஷ். சைட்காரர்கள் ப்ளேயரைப் புதுசாக மாற்றியிருப்பார்கள். உங்கள் போனோ பழைய ஸ்கிரிப்ட்டை எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும். ரெண்டும் ஒத்துப்போகாது.

தீர்வு: மொத்த பிரௌசரையும் துடைத்துக் கழுவ வேண்டாம். அந்த ஒரு சைட்டின் டேட்டாவை மட்டும் அழித்தால் போதும். குரோமில் முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் ஐகானைத் தொட்டால் குக்கீஸ், சைட் டேட்டா வரும். அங்கே டெலீட் செய்யலாம். ஐபோனில் சஃபாரி செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, வெப்சைட் டேட்டா. இதைச் செய்தால் அந்த சைட்டிலிருந்து லாக்-அவுட் ஆவீர்கள். அதனால் பாஸ்வேர்டு கையில் இருக்கான்னு முதலில் பார்த்துக்கோங்க. பாதியில் நிற்கும் மாக் டெஸ்ட் இருந்தால் அதை முடித்துவிட்டு அழியுங்கள்.

காரணம் 3: ஆட் பிளாக்கரின் அதீத ஆர்வம்

விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன், பிரேவ் பிரௌசரின் ஷீல்டு, போனின் பிரைவேட் டி.என்.எஸ், இவை எல்லாமே ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சில முகவரிகளிலிருந்து வரும் ஸ்கிரிப்ட்டை வாசலிலேயே நிறுத்திவிடும். 'விளம்பரம் முடிந்ததும் ஆடியோவை ஆரம்பி' என்று ப்ளேயர் எழுதப்பட்டிருந்தால், விளம்பரமே வராதபோது அது காத்துக்கொண்டே இருக்கும்.

தீர்வு: அந்த சைட்டுக்கு மட்டும் பிளாக்கரை நிறுத்தி, பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். மொத்தமாக அன்இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

காரணம் 4: இன்ஸ்டாவுக்குள் திறந்த லிங்க்

இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ ஒரு லிங்க்கைத் தொட்டால், அது பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேயே ஒரு குட்டி பிரௌசரில் திறக்கும். அதில் உங்கள் லாக்-இன் இருக்காது, சில வசதிகளும் இருக்காது. ஆண்ட்ராய்டில் இப்படி ஆப்புக்குள் பக்கங்களைக் காட்ட உதவுவது 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற பகுதி. 2021 மார்ச்சில் இதற்கு வந்த ஒரு கோளாறான அப்டேட்டால் ஜிமெயில் உட்பட பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன.

தீர்வு: மூன்று புள்ளி மெனுவில் 'பிரௌசரில் திற' என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். ப்ளே ஸ்டோரில் குரோம், சிஸ்டம் வெப்வியூ இரண்டையும் அப்டேட் செய்யுங்கள்.

காரணம் 5: பூட்டு இல்லாத லிங்க்

இணைய வானொலி கேட்பவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. சைட் பாதுகாப்பான முகவரியில் இருக்கும். ஆனால், ஒலி வரும் லிங்க் பழைய, பாதுகாப்பில்லாத முகவரியில் இருக்கும். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், இப்படிப்பட்ட ஆடியோவைப் பாதுகாப்பான முகவரியில் தேடிப் பார்க்கும்; கிடைக்கவில்லையென்றால் தடுத்துவிடும்.

தீர்வு: இது சைட்காரர் சரிசெய்ய வேண்டியது. அதுவரை, அந்த நிலையம் ஸ்ட்ரீம் லிங்க்கைத் தனியாகக் கொடுத்திருந்தால், அதை வி.எல்.சி ஆப்பில் போட்டுக் கேட்கலாம்.

காரணம் 6: பொது வைஃபையும் தப்பான தேதியும்

ரயில் நிலையம், ஹாஸ்டல், கஃபே வைஃபைகளில் லாக்-இன் முடிக்கும் வரை, பிரௌசர் ஸ்கிரிப்ட்டைக் கேட்டால் அந்த நெட்வொர்க் லாக்-இன் பக்கத்தைக் கொடுக்கலாம். இட்லி கேட்டவருக்கு மெனு கார்டைச் சாப்பிடக் கொடுத்த கதைதான். முதலில் லாக்-இன்னை முடித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். அதேபோல, போனின் தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியானதாக பிரௌசர் நினைத்துக்கொண்டு ஃபைல்களை மறுக்கும். தேதி, நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

காரணம் 7: போனுக்கு வயசாகிடுச்சு

குரோம் 120 முதல் ஆண்ட்ராய்டு 8-க்குக் கீழே உள்ள போன்களில் ஓடாது. அதாவது, ஆண்ட்ராய்டு 7 போனில் குரோம் 119-லேயே நின்றுவிடும். புதிய ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துமுறையில் ஒரு வரி புரியாவிட்டாலும், பழைய பிரௌசர் அந்த முழு ஃபைலையும் நிராகரித்துவிடும். டேட்டா மிச்சப்படுத்தும் ஓபரா மினியின் எக்ஸ்ட்ரீம் மோடிலும் ஸ்கிரிப்ட்கள் முழுசாக ஓடாது. அந்த மோடை அணைத்துப் பாருங்கள். பழைய போனாக இருந்தால், ஆடியோவை டவுன்லோட் செய்யும் வசதி இருக்கிறதா என்று தேடுவதே புத்திசாலித்தனம்.

லேப்டாப் இருந்தால் எர்ரரைப் படிக்கலாம்

குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸில் எஃப்12 அழுத்தி, 'கன்சோல்' பகுதிக்குப் போங்கள். பக்கத்தை ரீலோட் செய்து ப்ளே அழுத்தினால் சிவப்பு வரிகள் தெரியும். முக்கியமானவை இவைதான்:

● நாட்அலௌடு எர்ரர்: நீங்கள் தொடும் முன்பே ஆடியோவை ஓட்டப் பார்த்திருக்கிறது. காரணம் 1.

● நாட்சப்போர்ட்டடு எர்ரர்: ஆடியோ ஃபைலே கிடைக்கவில்லை, அல்லது அந்த ஃபார்மேட் பிரௌசருக்குப் புரியவில்லை.

● பிளாக்டு பை கிளையன்ட்: உங்கள் பிளாக்கர் தடுத்திருக்கிறது. காரணம் 3.

● மிக்ஸ்டு கன்டென்ட்: பூட்டு இல்லாத லிங்க். காரணம் 5.

● அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்: ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் வேறு ஏதோ வந்திருக்கலாம், அல்லது பிரௌசர் பழசு. காரணம் 6, 7.

இந்த வலையில் மட்டும் விழாதீங்க

ஆடியோ ஓடாத எரிச்சலைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 'ஃப்ளாஷ் அப்டேட் செய்தால்தான் ஓடும்' என்று எந்தப் பக்கம் சொன்னாலும் அது பொய். ஃப்ளாஷ் போய்ப் பல வருஷம் ஆச்சு. 'கேட்க வேண்டுமென்றால் அலௌ அழுத்துங்கள்' என்பது, பெரும்பாலும் உங்கள் நோட்டிஃபிகேஷனில் குப்பை விளம்பரம் கொட்ட வாங்கும் அனுமதி. ஆடியோ ஓட அந்த அனுமதி தேவையே இல்லை. 'இந்த ஏ.பி.கே-வை இன்ஸ்டால் பண்ணுங்க' என்றால், பேக் பட்டன் அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, 'இந்த கோடை காப்பி செய்து கன்சோலிலோ, விண்டோஸ் ரன் பெட்டியிலோ பேஸ்ட் செய்தால் சரியாகிவிடும்' என்பது. அந்த ஒரு பேஸ்ட்டில் உங்கள் அக்கவுன்ட்டே கைமாறலாம். இதனால்தான் ஃபேஸ்புக்கில் கன்சோலைத் திறந்தாலே பெரிய எழுத்தில் 'நில்' என்ற எச்சரிக்கை வருகிறது. கன்சோல் நமக்குப் படிக்க மட்டும்தான்.

எதுவுமே வேலைக்கு ஆகலையா?

அப்போ தப்பு சைட் பக்கம்தான். 'ஆடியோ ஒர்க் ஆகலை' என்று மட்டும் மெயில் போட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. போன் மாடல், பிரௌசரின் வெர்ஷன், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, இன்காக்னிட்டோவிலும் வரவில்லையா, இந்த விவரங்களோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள். எர்ரர் வரி கிடைத்தால் அதையும் சேருங்கள்.

ஆன்லைன் லிசனிங் தேர்வு இருக்கிறவர்கள், முந்தின நாளே அதே போனில் அல்லது லேப்டாப்பில், அதே நெட்டில், மாதிரித் தேர்வின் ஆடியோவை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தேர்வு நடுவில் ஆடியோ நின்றால், பதற்றத்தில் ரீலோட் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேர்வு நடத்துபவர்களின் உதவி எண்ணுக்கோ, சாட்டுக்கோ உடனே சொல்லுங்கள். சில தேர்வுகளில் ரீலோட் செய்தால் அந்தப் பகுதி முடிந்ததாகவே கணக்காகலாம். அந்த விதியையும் முந்தின நாளே படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்க.