மாத்திரையா, பேட்ச்சா? வழி மாறினால் பலனும் மாறும்!

‘‘மாதவிலக்கு நின்னதிலேர்ந்து ஒரே மறதி டாக்டர்! ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டா மூளை சுறுசுறுப்பாகுமாமே?’’ என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. நீங்களும் கேட்பவரா?

சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32 என்று தனித்தனியே வகுத்திருக்கிறோம். ஹார்மோனுக்கும் போகும் வழி முக்கியம்.

ஈஸ்ட்ரோஜனை விழுங்கினால், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடும். தோலில் பேட்ச்சாக ஒட்டினால் நேரே ரத்தத்தில் கலக்கும். கல்லீரலுக்கு அந்தத் தொல்லை குறைவு. புரொஜெஸ்டிரான் விஷயமே வேறு. விழுங்கினால் அதில் ஒரு பகுதி மூளையை அமைதிப்படுத்தும் பொருளாக மாறித் தூக்கம் வரும். அதனால்தான் படுக்கப் போகும்போது தருகிறார்கள்.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு செயற்கை புரொஜெஸ்டினையும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளைத் தேய்மான மறதி நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்று 2003-ல் தெரிந்தது! பேட்ச் ஒட்டினால் ஞாபகசக்தி கூடும் என்பதற்கும் நிரூபணம் இல்லை.

ஆகவே, மறதிக்காக நீங்களே ஹார்மோன் வாங்கிச் சாப்பிடாதீர்கள். முதலில் தைராய்டு, பி12, சர்க்கரை அளவுகளைப் பாருங்கள். உடம்புச் சூடும் வியர்வையும் தாங்காமல் டாக்டர் ஹார்மோன் எழுதினால், ‘‘எனக்கு மாத்திரையா, பேட்ச்சா?’’ என்று தயங்காமல் கேளுங்கள். கால் நரம்பில் ரத்தம் உறைந்ததுண்டு, மார்பகப் புற்று வந்ததுண்டு என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்!